எங்கள் மூக்குக்குத் தெரியாத வாசனை

எனக்குக் கொரோனா வந்திருந்ததை நாங்கள் நான்கு நாள் கண்டுபிடிக்காமல் விட்டதற்குக் காரணம் ஒரு வாளைக் கருவாடு. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று இப்போதும் தெருவில் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். முதலில் கருவாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பம். பழவேற்காட்டை ஒட்டிய மீனவக் குப்பம். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போவார். அம்மா கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டுக்கொண்டு, திருப்பாலைவனம் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். நான் ஒரே பெண், பெயர் மோகனா. பள்ளிக்கூடம் பொன்னேரியில். பஸ்ஸில் போய்வர வேண்டும்.

எங்கள் மேல் மீன் வாசனை அடிக்கும் என்பதே எனக்கு ஆறாம் வகுப்பில்தான் தெரிந்தது. குப்பத்தில் பிறந்த மூக்குக்கு அது தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முந்தானையை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனாள். நான் ஜன்னலுக்கு வெளியே எதுவோ நாறுகிறது போல என்று எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து சீருடையை எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரில் அலசுவேன். பவுடரைக் கழுத்து வெளுக்கக் கொட்டிக்கொள்வேன். வாசனை போயிற்றா இல்லையா என்று என் மூக்கைக் கேட்டுப் பயனில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள். "யாவாரத்துக்குக் கட்ற பொடவைய கட்டிக்கினு வராதம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று இரண்டு முறை குளித்தாள். கல்யாணங்களுக்குக் கட்டும் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்படியும் வகுப்புக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே ஆசிரியையிடம் பேசிவிட்டுப் போனாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளியை மூடினார்கள். தேர்வு எழுதாமலே பாஸ். பதினொன்றாம் வகுப்பும் அப்படியே. நடுவில் சில வாரம் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், மறுபடி பாஸ். இரண்டு வருடம் ஒரு வரி எழுதாமல் தேறியவள் நான்.

வகுப்பெல்லாம் செல்போனில். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன், அது நைனாவோடு கடலுக்குப் போய்விடும். வலை விட்ட இடம் எது, கரை எந்தப் பக்கம், காற்று எப்படி மாறும் எல்லாம் அதில்தான் பார்ப்பார். பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மூடி உள்ள டப்பாவில் வைத்துக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்பினால் வெயில் ஏறித்தான் கரைக்கு வருவார். வகுப்போ ஒன்பதரைக்கு. ஆக, கடல் கொந்தளித்துத் தொழில் நின்றால் எனக்கு வகுப்பு உண்டு. நல்ல மீன்பாடு இருந்தால் வகுப்பு இல்லை. மதியத்துக்கு மேல் போன் கைக்கு வரும். வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக எல்லோரும் 'பிரசென்ட் மிஸ்' போட்டிருப்பார்கள். திரையில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டு, பாடம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, நானும் 'பிரசென்ட் மிஸ்' என்று போடுவேன்.

முதல் சில மாதம் அதற்காக அழுதேன். பிறகு, காற்று அடிக்கட்டும், படகு போகாமல் இருக்கட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். காற்று அடித்தால் வீட்டில் உலை வைப்பதே கஷ்டம் என்று தெரிந்தும் வேண்டினேன். அதன் பிறகு அதுவும் நின்றுபோனது. எதையும் வேண்டத் தோன்றவில்லை. எழுவேன், கரைக்குப் போவேன், வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவேன், வந்து படுப்பேன். தலை வார மறந்துபோகும். அம்மாதான் பிடித்து உட்காரவைத்து வாரிவிடுவாள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் கவிதா திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பெண். 'உன் மேல மீன் வாசன வருது, ஆனா எனக்குப் பழகிடுச்சு' என்று நேராகச் சொன்ன ஒரே ஆள் அவள். ஒருநாள் குழுவிலிருந்து அவள் பெயர் விலகியிருந்தது. விசாரித்தால் கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அழுகை வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. நண்டு கழற்றப் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கவிருந்த சமயம். நோய் இரண்டாம் முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவுக்கு வந்த சுகாதாரத் தொண்டர்கள் காய்ச்சல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று கேட்டார்கள். வாசனை தெரியாவிட்டால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றுதான் உடம்பு வலி தொடங்கியிருந்தது. அம்மா கொடியில் காய்ந்த வாளைக் கருவாடு ஒன்றை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாடி, வாசன தெரியுதா?"

"எனக்கு என்னிக்கும்மா கருவாட்டு வாசன தெரிஞ்சிக்கீது?"

அம்மா தானும் முகர்ந்து பார்த்தாள். "எனக்குந்தான் தெரியல. அப்போ எனக்கும் கொரோனாவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கருவாட்டை நீட்டிய உடனே விஷயம் தெரிந்திருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது காபித்தூள். அது இருவருக்குமே தோன்றவில்லை. நான்கு நாள் ஒரே பாயில் படுத்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள் பாதிக் குடத்தோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு முட்டுது" என்றாள். கிராமச் செவிலியர் வந்து அவள் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார். இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் பயமில்லை. அம்மாவுக்கு எண்பத்தாறு. எனக்கு மாட்டினார், தொண்ணூற்றாறு. பிறகு பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது இன்னா வாசனை சொல்லு?"

வழவழப்பாக இருந்தது. ரோஜா நிறத்தில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல சிஸ்டர்."

"தெரியலன்னா?"

கருவாட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எங்கள் தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டி அடைத்துவிட்டார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். கொட்டியவர்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். எனக்கு அது வெறும் வெள்ளைப் பொடி. அம்மாவுக்கு நோயைக் கொடுத்தது நான்தான் என்று அந்த இடத்தில் நின்றபோது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. அம்மா செத்துப்போனால்கூட எனக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். நோயைவிட அந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்பு. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்று விட்டு ஒன்றில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி. மூக்குக்குள் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, அழுகை என்று சொல்ல முடியாது. அம்மாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும் இயந்திரம் அது. வலிக்காது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில், கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல வெள்ளைத் திட்டுகள். "பாதிக்கு மேல போயிருக்கு. மூணு நாலு நாள் தாண்டணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது. அம்மாவுக்குப் பை வைத்த ஆக்சிஜன் முகமூடி. அதைப் போட்டால் பேசுவது வெளியே கேட்காது. வார்டில் விளக்கை அணைப்பதே இல்லை. பகல் எது, இரவு எது என்பதை இட்லி வந்தால் காலை, சப்பாத்தி வந்தால் ராத்திரி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் ஒரே ருசி, அதாவது ருசியே இல்லை.

நைனாவை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, காவலாளியிடம் ஒரு பையைக் கொடுத்தனுப்பினார். அதில் கஞ்சி பிளாஸ்க், அம்மாவின் சீப்பு, பாலிதீனில் சுற்றிய போன், சார்ஜர். நான் மாடி ஜன்னலுக்கு வந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"போன நீயே வச்சிக்கோ" என்று கத்தினார்.

"கடலுக்கு இன்னா பண்ணுவ நைனா?"

"எனக்குக் கடல் தெரியும். நீ கிளாஸப் பாரு. டீக்கடை போன்லருந்து காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா அடிக்கிறேன். அம்மாவப் பத்தி சொல்லு."

இரண்டு வருடம் எதற்காக ஏங்கினேனோ அந்தப் போன் முழுதாக என் கைக்கு வந்துவிட்டது. அதில் அப்போது எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நைனா சொன்னபடி வகுப்பைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு, முதல் ஆளாக 'பிரசென்ட் மிஸ்' போட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார்கள். அன்று வரலாறு, ஐரோப்பியர் வருகை. நான் ஆஸ்பத்திரியில் இருப்பது ஆசிரியைக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பாடம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கட்டில் பக்கம் பிராணவாயு அளவைக் காட்டும் கருவி கூவத் தொடங்கியது. இரண்டு செவிலியர்கள் ஓடி வந்தார்கள். "எழுபத்தொம்பது. கவுத்துப் போடுங்க, கவுத்துப் போடுங்க" என்றார் ஒருவர். குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கத்துக்கும் காற்று போகும். அதற்காகத்தான் புரட்டுவார்கள். அம்மாவின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போனில் ஆசிரியையின் குரல். "மோகனா! முதல் ஆளா வந்திருக்கியே. உங்க ஊர்தானே, நீ சொல்லு. டச்சுக்காரங்க பழவேற்காட்டுல கட்டுன கோட்டை பேரு என்ன?"

நான் மைக்கை அழுத்தினேன். "கெல்டிரியா கோட்டை, மிஸ்."

"எந்த வருஷம்?"

"ஆயிரத்து அறுநூத்துப் பதிமூணு, மிஸ்."

"வெரி குட். பின்னாடி என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

எதிர்க் கட்டிலில் இருந்த எளாவூர்க்கார அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவது போலப் பார்க்கவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார். நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அம்மாவின் தொங்கிய கையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருவியில் எண்பத்து மூன்று, எண்பத்தேழு என்று எண் ஏறுவதை, பஸ் நம்பரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நைனாவின் போன் வந்தது. "அப்டியே கீது நைனா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அக்காதான் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் மனநல ஆலோசகர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அம்மாவைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"நெஜமாவே ஒண்ணும் இல்ல. அழுகைகூட வரல. என்னாலதான் அம்மாவுக்கு வந்துச்சு. எனக்கு வரணும்ல மேடம்? நான் கெட்ட பொண்ணா?"

அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, பள்ளிக்கூடம், போன், கவிதா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். "ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்தா கால் மரத்துப்போகுது இல்ல? அதுக்காகக் கால் இல்லாமலா போச்சு? மனசும் அப்படி மரத்துப்போகும். ரெண்டு வருஷமா உன்ன மாதிரி நிறைய பசங்க இப்படித்தான் வர்றாங்க. திரும்பி வரும்போது முதல்ல குத்தும். குத்துனா பயந்துடாதே" என்றார். மூக்குக்கும் டாக்டர்கள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள், சோப்பு நான்கையும் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றாக, அதன் வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். நோய் கெடுத்துவைத்த மூக்கு நரம்புக்கு அது பயிற்சி.

ஏழாம் நாள் அம்மாவின் முகமூடியைச் சற்று நேரம் கழற்றினார்கள். அவள் என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான். "ஏய், கூடையில மீனு வச்சிட்டு வந்தேனே. யாராச்சும் எடுத்துக் கொட்னாங்களா?"

ஒரு வாரத்து மீன். தெருவே மூக்கைப் பிடித்திருக்கும். எதிர்க் கட்டில் அக்கா இருமிக்கொண்டே சிரித்தார். நானும் உதட்டை இழுத்துச் சிரித்துக் காட்டினேன்.

மொத்தம் பதினெட்டு நாள். வீட்டுக்கு வந்தோம். அம்மா பாயிலிருந்து வாசலுக்கு நடந்தாலே இளைத்தாள். சமையல் என் பொறுப்பு. குழம்பு தீய்ந்தது எனக்குத் தெரியாமல் இரண்டு முறை சட்டியைக் கருக்கினேன். நைனா ஒன்றும் சொல்லாமல் கருகியதைச் சாப்பிட்டார். காலையும் மாலையும் நான்கு டப்பாக்களை வைத்துக்கொண்டு உட்காருவேன். எலுமிச்சையை முகர்ந்து எலுமிச்சை என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பு மட்டும்தான் வரும். போனை நைனாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பக்கத்துப் படகோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்தது. பஸ்ஸில் எல்லோர் முகத்திலும் முகக்கவசம். யார் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பவுடர் போடுவதை நானும் விட்டிருந்தேன், வெட்கம் போனதால் இல்லை, தோன்றாததால். பெஞ்சுக்கு ஒருவராக உட்காரவைத்தார்கள். கவிதாவின் இடம் காலி. ஆசிரியை விஷயம் தெரிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு ஏம்மா சொல்லல?" என்று கண் கலங்கினார். நான் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா பிழைத்துவிட்டாள், பள்ளி வந்துவிட்டது. நான் மட்டும் இன்னும் எங்கேயும் வந்துசேரவில்லை.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அம்மா மறுபடி கூடையைத் தூக்கினாள். முதல் நாள் பக்கத்துத் தெருக்களோடு சரி. சாயங்காலம் திரும்பி வந்து, கை கால் அலம்பிவிட்டு, வாசலில் என் பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். வியாபாரப் புடவை என் கன்னத்தில் பட்டது.

அப்போது ஒரு நாற்றம் வந்து முகத்தில் அடித்தது. அழுகல், உப்பு, இரும்பு எல்லாம் கலந்த நாற்றம். என்னவென்று யோசிப்பதற்குள் என் தலை திரும்பிவிட்டது, கை மூக்குக்குப் போய்விட்டது. ஆறாம் வகுப்பில் பஸ்ஸில் அந்த அம்மாள் செய்த அதே காரியம். மாதக்கணக்கில் வேலை செய்யாத மூக்கு குப்பத்துப் பழக்கத்தை மறந்துவிட்டது போலும். பிறந்ததிலிருந்து இருந்த வாசனை அன்றுதான் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

அம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. மெல்லப் பின்னுக்கு நகர்ந்தாள்.

"இன்னாடி?"

மூக்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. வகுப்பு வாசலுக்கு வெளியே பட்டுப் புடவையோடு நின்றாளே, அது நினைவுக்கு வந்தது.

"நாறுதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லுடி. நான் நாறுறேனா?"

"நாறுதும்மா."

அம்மா எழுந்தாள். கொஞ்ச தூரம் ஓடினாலே இளைக்கிறவள், வாசலைத் தாண்டித் தெருவுக்கே ஓடினாள். "யோவ், இங்க வாய்யா! பொண்ணுக்கு மூக்கு வந்துட்ச்சி! நான் நாறுறேனாம்யா, நாறுறேனாம்!" தெருவே திரும்பிப் பார்த்தது. நைனா கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, என் எதிரே குந்தி, தன் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நானு?"

"நீயுந்தான் நைனா" என்றேன். பிறகு அழுதேன். கவிதாவுக்கு, அந்தத் தொங்கிய கைக்கு, அந்தப் பட்டுப் புடவைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். குத்தத்தான் செய்தது. நெஞ்சு வலித்தது, மூக்கு ஒழுகியது, அதற்கு நடுவிலும் அந்த நாற்றம் வந்துகொண்டே இருந்தது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பக்கத்தில் வராமல் தள்ளி நின்றாள். "அழுவாதடி. இரு, குளிச்சிட்டு வேற பொடவ கட்டிக்கினு வர்றேன்."

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். ஒக்காரு. தலைய வாரு."

அம்மா என் பின்னால் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாரத் தொடங்கினாள்.